4,700 இடுப்புகளும் ஒரு ஸ்டிக்கரும்: ஏ.எஸ்.ஆர். செயற்கை மூட்டு வழக்கு

செயற்கை இடுப்பு மூட்டு வரும் பெட்டிக்குள் கிருமிநீக்கம் செய்த உறையோடு சில சிறிய ஸ்டிக்கர்களும் இருக்கும். மூட்டு உடலுக்குள் போனதும் செவிலியர் அவற்றில் ஒன்றை உரித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், அளவு, லாட் எண் எல்லாம் அதில் அடங்கிவிடும். தீப்பெட்டி லேபிளைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவை சிகிச்சைகளில் பொருத்தப்பட்ட ஒரு மூட்டு பழுதானது என்று தெரிந்த பிறகு, அதைப் பொருத்திக்கொண்டவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே அரசால் கண்டுபிடிக்க முடியவில்லை. இழப்பீடு பற்றிய சட்ட வாதங்களுக்குப் போவதற்கு முன் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கொடுக்க வேண்டியவர் யார் என்பதைவிட, வாங்க வேண்டியவர் யார் என்பதே இந்த வழக்கில் பெரிய சிக்கலாகிப் போனது.

மூட்டின் பெயர் ஏ.எஸ்.ஆர். தயாரித்தது ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபியூ நிறுவனம். 2003-இல் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் விற்பனைக்கு வந்தது. இரண்டு வகை உண்டு: தொடை எலும்பின் தலையை முழுவதும் வெட்டாமல் மேலே உலோகத் தொப்பி போல மாட்டுவது ஒன்று, முழு மூட்டையும் மாற்றும் எக்ஸ்.எல். வகை இன்னொன்று. இரண்டிலுமே உலோகக் கிண்ணத்துக்குள் உலோகப் பந்து சுழலும்.

அதற்கு முன்பு பெரும்பாலும் கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் உள்ளுறை இருக்கும். அது தேயும். ஐம்பது வயதில் மூட்டு மாற்றிக்கொள்பவர் இன்னும் முப்பது ஆண்டு நடக்க வேண்டியவர் என்பதால், தேயாத உலோகம் நல்ல தீர்வாகத் தெரிந்தது. பந்தைப் பெரிதாக வைக்கலாம், மூட்டு எளிதில் நழுவாது என்பது கூடுதல் ஈர்ப்பு. கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கோளாறு கிண்ணத்தின் வடிவத்தில் இருந்தது. அரைக்கோளத்தைவிடக் குறைந்த ஆழம் அதற்கு. போதாததற்கு, அறுவையின்போது கருவியால் பிடிப்பதற்காக உள்விளிம்பில் ஒரு பள்ளம் வேறு வெட்டியிருந்தார்கள். பந்தைத் தாங்கும் பரப்பு இதனால் மேலும் குறைந்தது. மருத்துவர் கிண்ணத்தைச் சற்றே செங்குத்தாகப் பொருத்திவிட்டால் போதும், பந்தின் பாரம் முழுவதும் விளிம்பில் ஏறும். அலுமினியப் பாத்திரத்தைத் தேய்த்தால் கையில் கறுப்பு ஒட்டுகிறதே, அதுபோல விளிம்பில் உரசிய இடத்திலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் நுண்துகள்களாக உதிர்ந்தன. சுற்றியிருந்த தசை அழுகியது, கட்டிபோல வீங்கியது, எலும்பு அரித்தது. உலோகம் இரத்தத்திலும் கலந்தது. ஒரு லிட்டர் இரத்தத்தில் 7 மைக்ரோகிராமுக்கு மேல் கோபால்ட்டோ குரோமியமோ இருந்தால் நோயாளியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் எச்சரித்தது.

மற்ற மூட்டுகளும் தேயும். எல்லா மருத்துவர்களும் நூல் பிடித்தாற்போலப் பொருத்துவதில்லை. கொஞ்சம் கோணம் மாறினாலும் தாங்க வேண்டிய பொருள் இது தாங்கவில்லை என்பதே வடிவமைப்புக் குறை என்ற வாதத்தின் கரு. நிறுவனம் முதலில் விரலை நீட்டியது அறுவை நிபுணர்களின் கை நேர்த்தியை நோக்கித்தான்.

தெரிந்த தேதியும் சொன்ன தேதியும்

ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மூட்டு மாற்று அறுவையும் ஒரு தேசியப் பதிவேட்டில் ஏறும். எந்த மாடல் எத்தனை ஆண்டில் திரும்ப எடுக்கப்பட்டது என்பது ஆண்டுதோறும் வெளிவரும். அங்கே ஏ.எஸ்.ஆர். மற்ற மூட்டுகளைவிட அதிகமாகத் தோற்பது அந்தப் பதிவேட்டில் தெரிந்தது. 2009 டிசம்பரில் அந்த நாட்டுச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. பிரிட்டனின் பதிவேடு, ஐந்து ஆண்டுகளுக்குள் தொப்பி வகையில் 12 சதவீதமும் எக்ஸ்.எல். வகையில் 13 சதவீதமும் மறு அறுவைக்குப் போவதாகக் காட்டியது. 2010 ஆகஸ்டில் நிறுவனம் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது.

நாம் அன்றாடம் வாங்கும் பொருளில் திரும்பப் பெறுதல் என்றால் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். உடலுக்குள் இருப்பதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? மறுபடி இடுப்பைத் திறக்க வேண்டும். முதல் அறுவையைவிட இரண்டாவது கடினம். எலும்பு குறைந்திருக்கும், குணமாகும் காலமும் நீளும்.

இந்தியாவில் இது 2006 முதல் இறக்குமதியானது. உலகளவிலான திரும்பப் பெறுதலுக்குப் பிறகு இங்கே நடந்தவற்றின் தேதிகள் இவை. 2011-இல் மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் காவல் துறையில் புகார் செய்தது. 2012-இல் இறக்குமதி உரிமம் ரத்தானது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு பொது எச்சரிக்கை வெளியிட்டது 2013 டிசம்பரில். அதாவது, உலகம் அறிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. அந்த மூன்று ஆண்டும் இடுப்பு வலியோடு எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனவருக்கு, வயதானால் அப்படித்தான் என்ற பதில் கிடைத்திருந்தால் வியப்பதற்கில்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இந்த வழக்கைப் படிக்கத் தொடங்கிய வாரத்தில், அப்பாவுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் செய்த முழங்கால் மாற்று அறுவையின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவருடைய மூட்டு வேறு நிறுவனத்துடையது, நன்றாகவே இருக்கிறது. கோப்பில் டிஸ்சார்ஜ் சுருக்கம் இருந்தது. அதில் ‘இம்பிளான்ட்: இறக்குமதி’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பில் அச்சான வழவழப்புத் தாள் வெளுத்துப்போய் எழுத்தே இல்லாமல் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் இருக்கும், நமக்குத் தருவதில்லை. நேரில் போய்க் கேட்டபோது, பதிவறையில் இருந்தவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: “அவ்வளவு பழைய ஃபைல் எல்லாம் வைத்திருக்க மாட்டோம் சார்.”

அவர் விதியை மீறவில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், ஆனால் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். ஏ.எஸ்.ஆர். மூட்டின் குறை பலருக்கு அதற்கு அப்புறம்தான் வலியாக வெளிப்பட்டது. 2006-இல் அறுவை செய்துகொண்டவரின் கேஸ் ஷீட் 2013-இல் எச்சரிக்கை வந்தபோது இருந்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 3,600 பேர் காணாமல் போனதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான். இந்தியாவில் அப்போது முழுமையான தேசிய மூட்டுப் பதிவேடும் கிடையாது, யாருக்கு எது பொருத்தப்பட்டது என்று வேறு எங்கும் தேட.

அமெரிக்காவில் எப்படி நடந்தது

அமெரிக்காவில் எக்ஸ்.எல். வகைக்கு 2005-இல் அனுமதி கிடைத்தது. மனிதர்களிடம் புதிதாகச் சோதித்துக் காட்டி வாங்கிய அனுமதி அன்று. ஏற்கெனவே சந்தையில் இருப்பவற்றைப் போன்றதுதான் என்று காட்டி வாங்கியது. தொப்பி வகைக்கு அங்கே அனுமதி கிடைக்கவே இல்லை. இந்தியாவில் அதற்கும் தடை இருக்கவில்லை.

கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகள் ஒஹையோவில் ஒரே நீதிபதியின் முன் தொகுக்கப்பட்டன. முதல் விசாரணை 2013 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் மாநில நீதிமன்றத்தில் நடந்தது. அந்த விசாரணையையொட்டி வெளிவந்த உள் ஆவணங்களில் ஒன்று, இந்த மூட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேரிடம் தோற்கும் என்று 2011-இல் நிறுவனமே மதிப்பிட்டிருந்ததைக் காட்டியது. பழுதான பொருள் வழக்கில் நிறுவனத்தின் அலமாரியைத் திறக்கவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருப்பதன் பயன் இது. பதிவேடு சொன்ன 12, 13 சதவீதத்தோடு வழக்குத் தொடுத்தவருக்கும், எதிராளியின் கையெழுத்திலேயே 40 சதவீதம் கிடைத்தவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வழக்கறிஞரும் விளக்கத் தேவையில்லை.

வடிவமைப்பு குறையுடையது என்று ஜூரி தீர்ப்பளித்து, 83 லட்சம் டாலர் வழங்கியது. மோசடியோ தீய நோக்கமோ இருந்ததாக ஏற்கவில்லை. எனவே நிறுவனத்தைத் தண்டிப்பதற்காகக் கூடுதலாக விதிக்கும் தண்டனை இழப்பீடு இல்லை. அடுத்த மாதமே சிகாகோவில் நடந்த இரண்டாவது விசாரணையில் ஜூரி நிறுவனத்தின் பக்கம் நின்றது. அதே மூட்டு, அதே கோளாறு, வேறு தீர்ப்பு. உலோகம் உரசியது என்று மட்டும் காட்டினால் போதாது, இந்த நோயாளியின் வலி அதனால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். அந்தக் கண்ணியில்தான் பல வழக்குகள் அறுபடுகின்றன.

2013 நவம்பரில் நிறுவனம் சுமார் 250 கோடி டாலருக்கு உடன்பட்டது. ஏறத்தாழ 8,000 பேருக்கு, ஆளுக்கு அடிப்படைத் தொகை 2,50,000 டாலர். வயது, புகைப்பழக்கம், உடற்பருமன், மூட்டு எத்தனை ஆண்டு உடலில் இருந்தது என்பவற்றைப் பார்த்து அதில் கழிவு உண்டு. வழக்கறிஞர் கட்டணமும் அதிலிருந்தே போகும். மறு அறுவை செய்துகொண்டவர்களுக்கே அந்த உடன்படிக்கை. உடலுக்குள் மூட்டும், வெளியே அச்சமுமாக வாழ்ந்தவர்கள் அதில் சேரவில்லை.

இதைப் பார்த்து, உலோக மூட்டு என்றாலே வழக்கு வெல்லும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே நிறுவனத்தின் பினாக்கிள் என்ற இன்னொரு உலோக மூட்டுக்காகப் பிரிட்டனில் 300-க்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கு 2018-இல் தோற்றது. உலோகத்தோடு உலோகம் உரசினால் துகள் உதிர்வது அந்தப் பொருளின் இயல்பு. அதையே குறை என்று சொல்ல முடியாது, எதிர்பார்க்கத்தக்க பாதுகாப்பைவிடக் கீழே போயிருக்கிறதா என்பதே கேள்வி என்றார் நீதிபதி. ஏ.எஸ்.ஆர். நோயாளிகளுக்குப் பதிவேட்டின் எண்கள் துணை நின்றன.

இந்தியாவில் சட்டம் தேடிய கதை

இங்கே அந்த நேரத்தில் நடந்தது பணத்தைத் திருப்பித் தரும் திட்டம். இரத்தப் பரிசோதனைக்கும் மறு அறுவைக்கும் ஆன செலவை நிறுவனம் ஏற்கும். அதற்கு ஒரு உதவித் தொலைபேசி எண். பதிவு செய்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆனால் செலவைத் திருப்பித் தருவது வேறு, இழப்பீடு வேறு. மறுபடி இடுப்பைத் திறந்ததற்கும், வேலைக்குப் போகாத மாதங்களுக்கும், பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனதற்கும் அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஒரே பொருள், ஒரே குறை, கடவுச்சீட்டின் நிறத்துக்கு ஏற்ற விலை.

2017 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவர் அருண் குமார் அகர்வால் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. 2018 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 லட்சம் ரூபாய், மறு அறுவைச் செலவை 2025 ஆகஸ்ட் வரை நிறுவனம் ஏற்பது ஆகியவை அதன் முக்கியப் பரிந்துரைகள். நிறுவனம் முக்கியத் தகவல்களை மறைத்ததாகவும் குழு குற்றம் சாட்டியது. அறிக்கை ஆறு மாதம் அமைச்சகத்திலேயே கிடந்து ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பிறகு மருத்துவர் ஆர்.கே. ஆர்யா தலைமையில் இன்னொரு குழு, தொகையைக் கணக்கிட. ஊனத்தின் அளவையும் வயதையும் கொண்டு கணக்கிட்டு, 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்று நவம்பரில் முடிவானது. ஊனம் கூடக்கூடத் தொகை கூடும். வயது ஏற ஏறக் குறையும்.

நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் வாதத்தை உணர்ச்சிவசப்படாமல் கேட்க வேண்டும், ஏனென்றால் அதில் சாரம் இருந்தது: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அரசு எங்களிடம் இழப்பீடு வசூலிக்கிறது? மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் உரிமத்தை ரத்து செய்யலாம், குற்ற வழக்குப் போடலாம். சந்தையில் விற்ற மருத்துவச் சாதனம் பழுதானால் நோயாளிக்குத் தயாரிப்பாளர் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அதில் இருக்கவில்லை. குழு போட்ட வாய்பாடு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதைத் தாங்க ஒரு சட்டத் தூண் வேண்டுமல்லவா? அரசு வாய்பாட்டை முதலில் எழுதிவிட்டுத் தூணைப் பிறகு தேடியது.

2019 மே மாதம், மறு அறுவை செய்துகொண்டதாக அரசு சரிபார்த்த 67 பேருக்கு ஆளுக்கு 25 லட்சம் தர நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வாய்பாட்டின் மீதான எதிர்ப்பைக் கைவிடாமலேயே அந்த ஒப்புதல். 4,700-இல் 67.

நுகர்வோர் வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 1986-ஆம் ஆண்டின் சட்டத்தில் பொருளில் குறை என்ற கருத்து இருந்தது, இழப்பீடும் கேட்கலாம். ஆனால் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்ற காலவரம்பு உண்டு. எந்த நாள் அது, அறுவை நாளா, வலி தொடங்கிய நாளா, மூட்டின் பெயரைக் கண்டுபிடித்த நாளா? தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் இருந்தாலும், ஒவ்வொருவரும் தனித்தனியே அந்தக் கதவைத் தட்ட வேண்டும். அதற்கும் ஸ்டிக்கர் வேண்டும்.

இன்று இதே மூட்டு பழுதானால்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தூணை ஓரளவு நட்டது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அதன் ஆறாம் அத்தியாயம், 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், பழுதான பொருளால் வந்த கேட்டுக்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் எப்போது பொறுப்பு என்று சொல்கிறது. 84-ஆம் பிரிவின்படி, தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, தயாரிப்பு அளவுகோலிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாமை, சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமை ஆகியவற்றில் ஒன்றைக் காட்டினால் போதும். ஏ.எஸ்.ஆர். போன்ற பொருளுக்கு வடிவமைப்புக் குறை என்ற சொல்லே வழக்கின் கதவு. கேடு என்பதில் உடற்காயமும் மன வேதனையும் அடங்கும். பொருளே கெட்டுப்போன இழப்பு அடங்காது.

கவனிக்க வேண்டிய பொறி 87-ஆம் பிரிவில் இருக்கிறது. நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்தச் சட்டப்படி உரிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்குத் தயாரிப்பாளர் நியாயமான முறையில் எச்சரிக்கை கொடுத்திருந்தால், எச்சரிக்கை இல்லை என்ற காரணத்துக்காக அவரைப் பிடிக்க முடியாது. செயற்கை மூட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நிறுவனம் மருத்துவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தால் நோயாளிக்குச் சொல்லவில்லையே என்ற வாதம் வலுவிழக்கும். ஆகவே புகாரை எச்சரிக்கைக் குறை ஒன்றின் மீதே கட்டுவது தவறு. வடிவமைப்பை முன்னால் வைத்து, எச்சரிக்கையைத் துணைக்கு வைப்பதே விவேகம்.

எங்கே போடுவது என்பதில் இப்போது சிரமம் குறைவு. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த நுகர்வோர் ஆணையம் என்பதைக் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை தீர்மானிக்கிறது. விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. எனவே மூட்டு வழக்குகள் பெரும்பாலும் மாவட்டத்திலேயே தொடங்கும். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் அனுப்பப் பொருள் இருக்க வேண்டும். மறு அறுவையில் வெளியே எடுத்த மூட்டு எங்கே போகிறது தெரியுமா? 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் உடலிலிருந்து எடுத்த உலோகப் பாகங்களை நீலப் பிரிவில், கண்ணாடிக் குப்பிகளோடு சேர்த்திருக்கின்றன. கிருமிநீக்கம் செய்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். விளிம்பில் தேய்ந்த தடம், லாட் எண் பொறித்த அடிப்பக்கம், வழக்கின் முதல் சாட்சி, எல்லாம் உருக்கு உலைக்குப் போகும். நிறுத்த ஒரே வழி, அறுவைக்கு முன்பே மருத்துவமனைக்கு எழுத்து மூலம் கேட்டு, எடுத்த பாகத்தைக் கழுவாமல் பெயரிட்டுப் பத்திரப்படுத்தச் சொல்வது. முதல் அறுவையாக இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே ஸ்டிக்கர் பக்கத்தைச் செல்பேசியில் படம் எடுத்துவிடலாம். அப்பாவுக்கு அடுத்த மாதம் இன்னொரு முழங்காலுக்கு அறுவை. கேஸ் ஷீட்டில் ஒட்டப் போகும் ஸ்டிக்கரில் ஒன்று எனக்கு வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். வீட்டு ஃபைலில் ஒட்டிவைக்க, என்றேன்.